மடி மட்டும் வரல

— காலத் தூக்காதீங்கண்ணே, மிதிச்சுப்புடுவீங்க. கம்மலு கழண்டு விழுந்துருச்சு.

— மறுபடியுமா? கேமரா வைக்கப் போறாங்க ப்ரியா! இந்தா, கீபோர்டுக்கு அடியில கெடக்கு. ஒழுங்கா ஒரு நல்ல கம்மல் போட்டா என்னப்பா?

— இதுவே நல்லாத்தானே இருக்கு. குடுங்க, அழுத்தி மாட்டிக்கிறேன்.

— டென்ஷன் ஆகாம ஒரு விஷயம் கேளு. விசேஷ வீட்டுக்காரரு தங்கப்பாண்டி அண்ணன் இருக்காருல்ல, அவரு ரெண்டாவது சரணம் வேணாங்கிறாரு. காதுகுத்து வீட்டுல தாய்மாமன் வரலன்னு பாடுனா ஆகாதாம்.

— விஜய் அண்ணே, சென்னையில இருந்து கேமராக்காரவுக எதுக்கு வாடிப்பட்டி வரைக்கும் வந்துருக்காக? அந்தச் சரணத்தப் படம் பிடிக்கத்தானே? செல்லுல பாடிப் போட்டப்ப அம்புட்டுப் பேரு அழுதது அதுக்குத்தானே?

— புரியுதுப்பா. ஆனா கல்யாண மண்டபம், பந்தி நடக்குது. 'சீரு வருது, மாமன் சீரு வருது'ன்னு முதல் சரணத்த மட்டும் தட்டி விட்டா ஆடிட்டுப் போயிருவாங்க. ஓகேவா?

— ஓகே இல்ல. என் பேரு போட்டு வரப்போற மொதப் பாட்டுண்ணே. பாதியப் பிச்சுப்புட்டுக் குடுக்க நா என்ன இட்லியா விக்கிறேன்?

— தாயி, உள்ள வரலாமா?

— அய்யா, இங்க பாடுறவங்க மட்டும்தான். நீங்க வெளிய...

— விடுங்கண்ணே. மாலையக்கூடக் கழட்டாம வந்துருக்காரு பாருங்க. காலையில பாப்பாவ மடியில வச்சிருந்த தாய்மாமன்.

— ஒண்ணுவிட்ட தங்கச்சி மக அது. என்னயத் தெரியுதா தாயி?

— உக்கிரபாண்டி மாமா. எங்கம்மா கூடப் பொறந்தவரு. பீரோவுல போட்டோ இருக்கு. அதுல உங்களுக்கு மீச இல்ல.

— ப்ரியா... அப்ப அந்தப் பாட்டுல வர்ற மாமன்...

— இவருதாண்ணே.

— பாட்டுல எம்பேரச் சொல்லாம விட்டியே, அதுக்கு ஒரு கும்பிடு. ஆனா ஊருல எவனுக்குத் தெரியல? டீக்கடையில நா போயி உக்காந்தாப் போதும், செல்லுல அந்தப் பாட்டப் போட்டுவிட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி பேப்பர் படிக்கிறானுக. 'பந்தலும் போட்டாச்சு, பாயும் விரிச்சாச்சு, மடி மட்டும் வரலையே மாமா'. எம்மருமகப்புள்ளைக்கே மனப்பாடம். இன்னைக்குப் படம் வேற பிடிக்கிறாகளாம். அந்த அடி வேணாம் தாயி. ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன்.

— நா சொன்னது எது பொய் மாமா? நீங்க வந்தீங்களா?

— வரலதான். ஒங்கம்மா மைக்செட்டுக்காரன் பின்னால போனா. எங்கப்பன் சாகுற வரைக்கும் தலைநிமிரல. ஒன் காதுகுத்துக்குப் பத்திரிக்க வந்துச்சு. வேட்டி கட்டி, சீர்த்தட்டும் எடுத்து வச்சிட்டேன். வாசல் வரைக்கும் வந்தேன், ரோசம் விடல. அதுக்குன்னு ஊரு பூரா ரேடியோ கட்டிப் பாடணுமா? வேற மடி கெடச்சிருக்கும்ல ஒனக்கு? சித்தப்பன், பங்காளி, எவனோ ஒருத்தன் ஒக்காந்துருப்பான். காதுகுத்து நின்னா போச்சு?

— நின்னுச்சு.

— என்ன சொல்ற?

— நின்னு போச்சு மாமா. உங்ககிட்ட யாரும் சொல்லலையா? சாப்பாடு போட்டு ஆளுகள அனுப்பிட்டாக. 'ஏந்தம்பி மடியில குத்துனா குத்து, இல்லன்னா எம்மக காது அப்படியே கெடக்கட்டும்'னு அம்மா ஒத்தக் கால்ல நின்னுருச்சு. அப்பா கெஞ்சிப் பாத்தாரு. கேக்கல. இந்தா பாருங்க, இது அழுத்துற கம்மலு. இப்பத்தான் கீழ விழுந்துச்சு.

— ஐயையோ. நா வேற இவளத் திட்டிக்கிட்டே இருந்தேன் சார்.

— கிட்ட வா தாயி. முடிய ஒதுக்கு... ஓட்ட இல்லையே. ரெண்டு காதுலயும் இல்லையே. அடி கிறுக்கச்சி, எக்கா! இம்புட்டு வருசமா!

— காலையில அந்தப் பாப்பா அழுதப்ப நீங்க வாயில சக்கர வச்சீங்க. நா மைக்கு டெஸ்ட் பண்ணிக்கிட்டே அதத்தான் பாத்தேன். எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு மாமா.

— தம்பி, கீபோர்டு தம்பி! காலையில காது குத்துன ஆசாரி பந்தியில இருக்காரு. இலையில கை வச்சிருந்தாலும் கழுவிட்டு வரச்சொல்லு.

— இப்பயா சார்? ஷூட்டிங்...

— மாமா, வேணாம். இப்பக் குத்திட்டா அந்தச் சரணம் பொய்யாப் போயிரும். அத வச்சுத்தான் என் பாட்டே நிக்குது.

— எப்படிப் பொய்யாகும்? அன்னைக்கு நா வரல. அது வரலதான். நீ முழுசாப் பாடு. நா மொத வரிசையில இந்த மாலையோட ஒக்காந்து கேக்குறேன். எவன் திரும்பிப் பாத்தாலும் பாக்கட்டும். தங்கப்பாண்டி கிட்ட நா பேசிக்கிறேன்.

— அம்மா இல்லாமயா மாமா? அது கொடிக்கால்ல வெத்தல கிள்ளிக்கிட்டு இருக்கும்.

— செல்லுல கூப்புடு. மொகம் தெரியிற மாதிரி போடு. நா பேச மாட்டேன், என்னால முடியாது. எம்மடிய மட்டும் அவளுக்குக் காட்டு.

— ப்ரியா, கேமரா ரெடியாம். உன்னத்தான் கூப்பிடுறாங்க. நா என்னப்பா சொல்லட்டும்?

— காது குத்திட்டு வாரேன்னு சொல்லுங்கண்ணே.