மொட்டை மரத்துப் பங்கு

– அப்ப வேணும்னேதான் தை மாசத்துல பங்கு பிரிக்க வரச் சொன்னியா, ஈஸ்வரி?

– மெதுவாப் பேசுங்க மாமா. தங்கபாண்டி ஜீப்ப விட்டு எறங்கி ஏறி வந்துக்கிட்டிருக்கு.

– மேல் சரிவுல நிக்கிற சந்தன வேம்பு அம்புட்டும் எலைய உதுத்துட்டு மொட்டையா நிக்கிது. பாக்குறவன் செத்த மரம்னு நெனப்பான். பங்குனியில துளிர் விடும்னு எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். திருப்பூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கவனுக்குத் தெரியுமா?

– தெரியாதுன்னுதான் வரச் சொன்னேன்.

– ஒம் புருசனோட கூடப் பொறந்த தம்பி ஆத்தா அவன். நமக்குன்னு ஒரு மொற இருக்கு. மூத்தவுக பிரிக்கணும், எளையவன் மொதல்ல எடுக்கணும்.

– மொறப்படிதான் பிரிச்சேன். மேல் சரிவு ஒண்ணு, கீழ ஓடையோரம் ஒண்ணு. ரெண்டுலயும் ஏலச்செடி சமமா நிக்கிது. நான் பிரிச்சதுல கோணல் இருந்தாச் சொல்லுங்க.

– பிரிச்சதுல இல்ல. நாள் குறிச்சதுல இருக்கு.

– தம்பி பொண்டாட்டி ரோஜா போன்ல என்ன சொல்லுச்சு தெரியுமா? மேல் சரிவத்தான் எடுக்கணுமாம். மரத்த வெட்டி வித்துட்டு, மலையேற வர்ற டூரிஸ்டுகளுக்கு ரூம் கட்டணுமாம். உள்ளாற செவப்பா, வாசமா இருக்குற மரம், யாவாரி விடுவானா? எங்க வீட்டுக்காரவுக உசுரோட இருந்தப்ப, காட்டுமாடு ஒடிச்சிரும்னு ஒவ்வொரு கன்னுக்கும் மூங்கி வேலி கட்டுனாக. குருத்துல புழு எறங்குனா ஊக்க வச்சுக் குத்தி எடுப்பாக. அவுக போன பெறகு கோடையில கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனது நான். திருப்பூர்ல இருந்து யாரும் வந்து ஊத்தல.

– நான் இல்லேங்கல. ஆனா அவன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.

– சொல்ல வேணாம். இந்தாங்க, வெத்தலையப் போட்டுக்கங்க. வாய் நெறைய வெத்தல இருக்கவுகள யாரும் பேசச் சொல்ல மாட்டாக.

– மதினி, நல்லாருக்கீங்களா? யப்பா, என்னா ஏத்தம். சித்தப்பா, இந்த வயசுல நீங்க எப்படித்தான் ஏறுனீங்களோ.

– ம்.

– வா தம்பி. ரோஜா வரலியா?

– ஜீப்பு வளைஞ்சு வளைஞ்சு வந்ததுல தல சுத்திருச்சு. குரங்கணி டீக்கடையிலயே ஒக்கார வச்சிட்டு வந்தேன்.

– நல்லதாப் போச்சு. இது மேல் பங்கு. கீழ் பங்கு அந்தா, ஓடையோரம். வெரசாப் பாத்து எடுத்துக்க, வெயில் ஏறுது.

– என்ன மதினி, மரமெல்லாம் இப்படி நிக்கிது?

– பாக்குற மாதிரிதான் நிக்கிது.

– ஒரு எல இல்ல. ஏலச்செடி மேல வெயில் சுள்ளுன்னு விழுது. சித்தப்பா, இதெல்லாம் பட்டுப்போச்சா?

– ம்ம்.

– துப்பிட்டுச் சொல்லுங்க. மலையிலயே கெடந்தவுக நீங்க.

– நான் என்னத்தக் கண்டேன் அப்பு. ஓங் கண்ணுக்கு எப்படித் தெரியுது?

– எங் கண்ணுக்கு வெறகாத்தான் தெரியுது.

– தம்பி, அவசரப்படாத. கீழயும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வா.

– அங்க என்ன பாக்கணும்? தண்ணி இருக்கு. ரோடு பக்கம். உங்களுக்கு எது வேணும் மதினி?

– எளையவன் எடுத்தது போக மிச்சந்தான் எனக்கு.

– மிச்சம் இருக்கட்டும். மனசுல ஒண்ணு இருக்கும்ல.

– சொன்னா மொற இல்ல தம்பி.

– சரி. நான் கீழ் பங்க எடுத்துக்கிறேன்.

– நல்லா யோசிச்சுக்க. நாளைக்கு வந்து மதினி ஏமாத்திப்புட்டான்னு ஊருக்குள்ள பேசப் படாது.

– அதுக்குத்தான சித்தப்பா நிக்கிறாக. சித்தப்பா, கேட்டுக்கிட்டீங்கள்ல?

– கேட்டேன். எடுக்கிறவன் எடுத்துட்டான், நான் சாட்சி. அந்தப் பக்கம் போய்த் துப்பிட்டு வர்றேன், தொண்டையெல்லாம் எரியுது.

– மதினி, செத்த தள்ளி நில்லுங்க. இந்த மொட்டக் கெளையெல்லாம் நல்லாத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கிறேன்.

– எதுக்குத் தம்பி?

– ரோஜாகிட்டக் காட்டணும்ல. மேல் பங்க விட்டுட்டு வந்தேன்னா என்னைய ஜீப்புல ஏத்த மாட்டா.

– காட்டு, காட்டு. நல்லாக் காட்டு.

– அப்பப் போயிட்டு வர்றேன் மதினி. ஒண்ணே ஒண்ணு. பங்குனியில இதுக துளிர் விடும்போது, நீங்க பாட்டுக்குப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப்புல போட்டுறாதீங்க.