சாவி மாத்துற எடம்

இல்லக்கா, முன் சீட்டே போதும். பின்னாடி உங்க நாய் சொகமா படுத்திருக்கு, அத எதுக்கு எழுப்பிக்கிட்டு. துண்டு ஏதாச்சும் இருந்தா குடுங்க, சீட்டுல விரிச்சுக்கறேன். விடியறதுக்கு முன்னாடிலேருந்து ஓடின ஒடம்பு, நாத்தம் எனக்கே தாங்கல. ஜன்னலா? எறக்குங்க, தாராளமா எறக்குங்க. நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்.

ஆமா, சாவிதான். கையிலேயே வச்சிருக்கேன் பாருங்க, லூசு மாதிரி. இது என் வண்டிச் சாவி. என் வண்டி ஆத்தோட மேல் கோடியில, கிரேவ் கிரீக்ல நிக்குது. நீங்க என்னைய ஏத்தினது கீழ்க் கோடி. அங்க என் பின்னாடி பச்சையா ஒரு கார் நின்னுச்சில்ல, அது மார்னியோடது. அதோட சாவி மார்னிகிட்ட இருக்கு. மார்னி என் வண்டிகிட்ட நிக்கிறா. நிக்கிறான்னுதான் நெனைக்கிறேன். நான் போற வரைக்கும் அங்க இருக்கணும், அதுதாங்கா இப்ப எனக்கு வேண்டியது. வேற ஒண்ணும் வேணாம்.

மார்னி என் பொண்டாட்டி. போன மாசம் வரைக்கும்.

அட, அப்படி மூஞ்சிய வச்சுக்காதீங்க. சண்டை கிண்டை எல்லாம் ஒண்ணும் இல்ல. சண்டை போடக்கூட ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்டுல இருக்கணுமில்ல? நான் பிளைவுட் மில்லுல ராத்திரி ஷிஃப்டு. அவ பல் டாக்டர்கிட்ட பகல்ல வேலை. நான் உள்ள வரும்போது அவ வெளிய போவா. காப்பி அடுப்புல இருக்கு, பூனைக்கு வாந்தி, சிங்க்குல தண்ணி போகல. எங்க குடும்பத்துப் பேச்சே அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு மேல வாசப்படியிலயே வாழ்ந்திருக்கோம். கடைசியில ஒருநாள் அவ, ரஸ்ஸல், இதுக்கு நம்ம ரெண்டு பேரும் அஞ்சலட்டை போட்டுக்கிட்டே இருந்திருக்கலாம்னா. நான் தூக்கக் கலக்கத்துல, சரி நல்ல யோசனைன்னு சொல்லிட்டேன். அவ அதைத்தான் வக்கீல்கிட்ட சொல்லியிருக்கா.

வீட்டப் பிரிச்சாச்சு. கட்டில் எனக்கு, மெத்தை அவளுக்கு. பூனை அவளுக்கு, பூனை கிழிச்ச சோஃபா எனக்கு. எல்லாம் முடிஞ்சு எழுந்திருக்கும்போது அவ கேக்குறா, மே மாச ஓட்டம் யாருக்கு? ஒவ்வொரு மே மாசமும் இந்த ரோக் ஆத்தங்கரையில நாங்க சேந்து ஓடுவோம்கா. நாப்பது மைலு, ஒரே நாள்ல. கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்தே. வருஷத்துல அந்த ஒரு நாளுதான் ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சிருப்போம். நீ விட்டுக்குடுன்னு நான். நீ விட்டுக்குடுன்னு அவ. ரெண்டு வக்கீலும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குறாங்க. ஆத்த எப்படிப் பிரிக்கிறது?

சாவி மாத்திக்கலாம்னு அவதான் சொன்னா. ஓடுறவங்க இங்க சகஜமா செய்யறதுதான். ஓடி முடிச்சா நாம ஒரு கோடி, வண்டி இன்னொரு கோடி, நடுவுல மலை. அதனால ஒருத்தர் மேலேருந்து, ஒருத்தர் கீழேருந்து கெளம்பணும். பாதி வழியில எதுக்க எதுக்க பாத்தா சாவிய மாத்திக்கணும். அவங்க வண்டிய நாம, நம்ம வண்டிய அவங்க ஓட்டிட்டு ஊருக்கு வந்துடறது. மறுநாள் ஏதாச்சும் கடை வாசல்ல வண்டிய மாத்திக்கலாம், வணக்கம், அவ்வளவுதான். பேச்சே தேவையில்ல. வக்கீலுங்களே கை தட்டினாங்கன்னா பாத்துக்கங்க.

டூப்ளிகேட் சாவியா? ம்... அது ஒரு கதை. வளைவு வருது, ரோட்டப் பாருங்க நீங்க.

காலையில நல்லாத்தான் ஓடினேன். குளிரு, பனி, பக்கத்துலயே ஆறு. வழியெல்லாம் அந்தக் கொப்பளம் போடுற செடி இருக்கில்ல, அதத் தொடாம ஓடணும். நான் ஆட்டக்காரி மாதிரி இடுப்ப ஒடிச்சு ஒடிச்சு ஓடுறேன். பாதி தூரம் வந்ததும் வளைவுக்கு அந்தப் பக்கம் மார்னியோட சத்தம். டேய் தடியா, வழிய விடு, எத்தன வாட்டிடா சொல்றது உனக்கு, சோத்து மூட்ட, வெக்கமில்லயாடா உனக்குன்னு.

நான் அப்படியே நின்னுட்டேன். பத்து வருஷமா சொல்லாதத எல்லாம் சேத்து வச்சு சொல்றான்னு நெனச்சேன். நாந்தான் மார்னி, ஒதுங்கிட்டேன்னு கத்தினேன். அப்புறம், உன்னைய இல்லடா, கரடியச் சொன்னேங்குறா. கரடி காட்டுல சத்தம் குடுத்துக்கிட்டே ஓடணும்கா, இல்லேன்னா நேருக்கு நேரா முட்டிக்கும். மத்தவங்க கை தட்டுவாங்க. இவ திட்டுவா. கரடி இருந்துச்சான்னு கேட்டேன். இல்ல, இருந்தா கேக்கட்டும்னுதான், அப்படிங்குறா.

சிரிச்சேன் பாருங்க. கீழ உக்காந்து சிரிச்சேன். அவளும் உக்காந்துட்டா. உப்புப் போட்ட உருளக்கெழங்கு கொண்டு போயிருந்தேன், முக்காவாசிய அவளே தின்னுட்டா. தின்னுட்டு, திரும்பு, உண்ணி பாக்கணும்னா. இந்தப் புல்லுல ஓடினா உண்ணி ஏறும், நாமளே பாத்துக்க முடியாது, கழுத்து, காதுக்குப் பின்னாடி எல்லாம் இன்னொரு ஆளுதான் பாக்கணும். ஆமாங்கா, விவாகரத்து ஆனவங்களும்தான். உண்ணிக்கு அதெல்லாம் தெரியுமா?

கழுத்துல ஒண்ணு எடுத்தா. இடுப்புக்கிட்ட ஒண்ணு. உனக்கு முடி கொட்டுதுடான்னா. நான் அவ காதுக்குப் பின்னாடி பாத்தேன். ஒண்ணும் இல்ல. இருந்தாலும் இன்னொரு வாட்டி பாத்தேன். ராத்திரி ஷிஃப்ட விட்டுட்டேன்னு அப்பதான் சொன்னேன். எப்பன்னு கேட்டா. மூணு வாரம் ஆச்சுன்னேன். ஏண்டா சொல்லலன்னா. எங்க சொல்றது, வாசப்படி இப்ப இல்லையேன்னேன். அவ என் காதையே பாத்துக்கிட்டிருந்தா.

அப்பப் பாத்து ஆத்துல ஒரு ரப்பர் படகு. எட்டுப் பேரு, பீர் குடிச்சுக்கிட்டு. எங்களப் பாத்து விசில் அடிக்கிறான் ஒருத்தன், இன்னொருத்தன், ரூம் போட்டுக்கங்கடாங்குறான். எனக்கு காது வரைக்கும் செவந்துபோச்சு. அவளுக்கும்தான். ரெண்டு பேரும் சடார்னு எழுந்து, சரி பாப்போம், சரி பாப்போம்னு சொல்லிட்டு ஆளுக்கொரு பக்கமா ஓட ஆரம்பிச்சிட்டோம். திருடன் மாதிரி.

எதுக்காக நடுவுல சந்திக்கணும்னு திட்டம் போட்டோமோ, அத மட்டும் செய்யல.

கீழ வந்து பையில கை விட்டாத்தான் தெரியுது. என் சாவி என்கிட்டயே இருக்கு. ஃபோனுக்கு சிக்னலும் இல்ல. அந்த விசில் அடிச்சானே, அதே படகுக்காரங்க எனக்கு முன்னாடி கரையேறி உக்காந்திருக்கானுங்க. கத சொன்னேன். வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சானுங்க. அப்புறம் சுட்ட சாசேஜ் குடுத்தானுங்க, மார்னி கார் கண்ணாடிய ஒடைக்கவான்னு ஆசையா கேட்டானுங்க. வேணாம்னுட்டேன்.

இன்னும் எவ்வளவு நேரம்கா? மலை எறங்கினா ஆத்தோரமா கொஞ்ச தூரம்தான் இல்ல? கொஞ்சம் வேகமா போனா நல்லாருக்கும். நாய் என் கழுத்த நக்குது, பரவால்ல, உப்பு. நக்கட்டும்.

எங்க போயிடப் போறா, சாவி இல்லாமங்குறீங்களா? அதாங்கா.

சரி, உங்ககிட்ட என்ன மறைக்கிறது. டூப்ளிகேட் கேட்டீங்கள்ல. இருக்கு. அந்தப் பச்சைக் கார்லயே, பின் சக்கரத்து மேல, டயருக்கும் தகரத்துக்கும் நடுவுல. அவ எப்பவும் அங்கதான் வைப்பா. கை விட்டுப் பாத்தேன், இருந்துச்சு. எடுத்தேன். கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தேன். திரும்ப அங்கேயே வச்சிட்டு ரோட்டுக்கு வந்து உங்க வண்டிக்கு கை காட்டினேன்.

ஐயோ நிறுத்தாதீங்கக்கா! திட்டிக்கிட்டே ஓட்டுங்க. அந்தக் கார எடுத்துட்டு நான் பாட்டுக்கு ஊருக்குப் போயிட்டா நாளைக்கு கடை வாசல்ல வணக்கம், முடிஞ்சுது. அந்தக் காரு அங்கேயே நின்னுச்சுன்னா? அத எடுக்க ஒரே வண்டியில ரெண்டு பேரும் இந்த மலையச் சுத்தித் திரும்ப வரணும்.

என் வண்டியிலயும் ஒண்ணு இருக்கு. அதே சக்கரம், அதே எடம். வச்சதே அவதான். சாவி மாத்திக்கலாம்னு சொன்னவளும் அவதான். டயரப் பத்தி அவ வாயத் தொறக்கல, நானும் தொறக்கல. என்னைய விட வேகமா ஓடுவா, வந்து ரொம்ப நேரம் ஆயிருக்கும். போகணும்னா எப்பவோ போயிருக்கலாம்.

இதோ, பாலம். அந்தத் திருப்பந்தான். மெதுவா, மெதுவா போங்க.

நிக்குது. வெள்ள வண்டி, நிக்குதுக்கா. உள்ள வெளக்கு எரியுது. நான் பூட்டிட்டுல்ல போனேன்.

ஸ்டியரிங் முன்னாடி உக்காந்திருக்கா. கால தூக்கி மேல வச்சுக்கிட்டு. இங்கேயே எறக்கி விட்டுருங்க, நடந்து போயிக்கறேன். ஹாரன் மட்டும் அடிச்சிராதீங்க.

அடிச்சிட்டீங்க.

பாத்துட்டா. என்ன பண்றா பாருங்க, பக்கத்து சீட்டுக்கு நகர்றா. நாப்பது மைலு ஓடின காலோட நாந்தான் ஓட்டணுமாம்.