சுண்ணாம்புக் குழியில் குளித்த சீமாட்டி

இந்த வரவேற்பு விழாவுக்குத் தலைமை தாங்கும், தோல் பதனிடும் எங்கள் டேனரியின் உரிமையாளர், பக்தவச்சலம் முதலாளி அவர்களே! மாலையும் கழுத்துமாக மேடையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! பச்சைத் தோலைப் புரட்டிப் புரட்டிப் பழுத்த கைகளால் பலமாகத் தட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளத் தோழர்களே! பிள்ளையை மடியில் போட்டுப் பனியையும் பாராமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அதோ, தூணோரமாக மகள் ஷஹீன் பானுவோடு உட்கார்ந்திருக்கும் சுகரா பேகம் அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் நம் சங்கத்தின் செயலாளன் அரங்கநாதனின் அன்பு வணக்கம்.

முதலாளியோடு இத்தாலிக்குப் போனாயே, என்ன பார்த்தாய் என்கிறீர்கள். தோல் கண்காட்சி பார்த்தேன். புது மெஷின் பார்த்தேன். அதை முதலாளி சொல்லட்டும். நான் தங்கிய ஓட்டலைச் சொல்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

கடலுக்கு நடுவே ஒரு தீவு. பாலாற்றில் மணலையே பார்த்துப் பழகிய என்னைப் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கருங்கல் சுவர், கனத்த கதவு, காலத்தை வென்று நிற்கும் ஒரு கட்டடம். அதைத்தான் ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அறை கம்மி, வாடகை ஜாஸ்தி. என் அறையில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள்! எதற்குக் கொக்கி? தோல் தொங்கவிடும் கொக்கி, தோழர்களே! அந்த மாளிகை ஒரு காலத்தில் டேனரி! பட்டு மெத்தை எங்கே கிடக்கிறது? தோல் காய்ந்த இடத்தில்! பழச்சாறு எங்கே பரிமாறுகிறார்கள்? பச்சைத் தோலைக் குவித்த இடத்தில்! பாட்டும் கூத்தும் எங்கே? சதை சீவிய இடத்தில்! மூக்கைப் பொத்திக்கொண்டு நம் தெருவைத் தாண்டுகிறவர்களே, வந்து பாருங்கள்! சீமான்கள் காசு கொடுத்து டேனரியில் தூங்குகிறார்கள்!

என்ன காசி? "இன்னா அண்ணே, வாசனை அடிச்சுதா?" என்கிறாயா? இல்லையப்பா. ரோஜா வாசனைதான் அடித்தது. எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலை ஓட்டல்காரர் எங்களைக் கீழ்த்தளத்தைக் காட்டக் கூட்டிப்போனார். முதலாளி முன்னே, நான் பின்னே. இறங்கினால், தரையில் சதுரச் சதுரமாகக் குழிகள். தோலை ஊறப்போடும் நம் சுண்ணாம்புக் குழியின் அதே அகலம், அதே ஆழம். வெள்ளை வெளேரென்று தண்ணீர். மேலே புகை. அந்தப் புகைக்குள்ளே, ஐயோ, ஒரு தலை! நரைத்த தலை! கண் மூடியிருக்கிறது! வாய் திறந்திருக்கிறது!

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. முதலாளி அலறினார்.

"டேய் அரங்கா! ஆளு வுழுந்துட்சிடா! உள்ள மட்டும் எறங்காத, வெஷ கேஸு அடிச்சிடும்! நீயும் போய்டுவ! மேல இருந்தே இழுடா!"

சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றினார். குழி ஓரத்தில் குப்புறப் படுத்தார். கோட்டின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மறு கையை உள்ளே வீசினார். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து போட்டார் பாருங்கள் ஒரு கூச்சல்! விழவில்லை, தோழர்களே! குளித்துக்கொண்டிருந்தார்! பழைய குழியையே குளியல் தொட்டியாக்கிப் பால் கலந்த வெந்நீரை நிரப்பியிருக்கிறார்களாம்! ஓட்டலே கூடிவிட்டது. கும்பிட்டு மன்னிப்புக் கேட்டோம்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் படியேறினேன். பாதிப் படியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளி என்ன சொன்னார்? கேஸ் அடித்துவிடும் என்றார்!

போன ஆடியில் நம் டேனரிக் குழியைக் கழுவ இறங்கிய அமீர் பாஷா உயிரோடு ஏறி வரவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் முதலாளி என்ன சொன்னார்? "எங்க குழியில கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவனுக்கு வலிப்பு. வலிப்பு வந்து வுழுந்துட்டான்." ஊர் நம்பியது. "எங்க வூட்டுக்காரருக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்ல" என்று சுகரா பேகம் அம்மா வாசல் வாசலாகச் சொன்னார். யார் காதில் விழுந்தது? வலிப்பு வருவது பாவமல்ல. வராத வலிப்பைச் செத்தவன் தலையில் கட்டுவது பாவமில்லையா? வாணியம்பாடியிலிருந்து வந்து ஷஹீன் பானுவைப் பேசி முடித்தவர்கள், "அப்பனுக்கு வலிப்பாமே, பொண்ணுக்கும் வருமோ" என்று பின்வாங்கிவிட்டார்கள். மண்ணுக்குள் போனவனையும் விடவில்லை, மணமேடை ஏற இருந்தவளையும் விடவில்லை, அந்த ஒரு பொய்!

முதலாளி அவர்களே! உங்களை அவமானப்படுத்த நான் இங்கே ஏறவில்லை. முகம் தெரியாத ஒரு சீமாட்டிக்காகக் குப்புறப் படுத்துக் கை நீட்டினீர்களே, அந்த மனிதரைத்தான் கூப்பிடுகிறேன். கேஸே இல்லாத குழிக்கு ஏன் அப்படிப் பதறினீர்கள்? என்னை இறங்காதே என்று தடுத்த வாய், அமீர் பாஷாவை ஏன் தடுக்கவில்லை? தெரிந்திருந்ததா? ஐயோ, உங்களுக்குத் தெரிந்தே இருந்ததா?

உட்காருங்கள் தோழர்களே! யாரும் மேடைக்கு வரவேண்டாம். கையைக் கீழே போடு, சுப்பராயா! முதலாளி எழுந்திருக்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள். "மைக்க குடு அரங்கா, நானே சொல்லிட்றேன்" என்கிறார்.

கொடுக்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, வணங்கி ஒதுங்குகிறேன். சுகரா பேகம் அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் வாருங்கள். வழி விடுங்கள் தோழர்களே. இதை அவர்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.