உப்பு சரியா இருக்கா?

கோமதியம்மா படத்தைத் திறந்து வச்சாச்சு. எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாரும் சொன்னாங்க... நல்ல மனைவி, நல்ல தாய்னு. உண்மைதான். நான் ஒண்ணு கேக்குறேன். அந்தம்மா உசுரோட இருந்தப்ப, இதை யாராவது அவங்க முகத்தைப் பார்த்துச் சொன்னீங்களா?

சரி, ஒரு சின்னக் கதை சொல்லிட்டு நான் உக்காந்துடுறேன்.

மன்னார்குடிப் பக்கம் சிங்காரவேலுன்னு ஒருத்தர். மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவர். சம்சாரம் பேரு தையல்நாயகி. அந்தம்மா தினம் சோறு போட்டுட்டு, பக்கத்துலயே நின்னு கேக்கும். "ஏங்க... உப்பு சரியா இருக்கா?"

நம்மாளு பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கினாத்தானே? "ம்."

அவ்வளவுதான் பதில்! மறுநாளும் அதே கேள்வி... மறுநாளும் அதே "ம்." பிள்ளைங்க மட்டும் என்ன? அப்பனைப் பார்த்து வளந்ததுங்க. எல்லாரும் கை கழுவினப்புறம் அந்தம்மா அடுப்படியில தனியா உக்காந்து சாப்பிடும்.

ஒருநாள் தையல்நாயகி போய்ச் சேர்ந்துட்டாங்க. காரியம் முடிஞ்சதும் மகன் சென்னைக்குக் கிளம்பிட்டான், மக திருப்பூருக்குப் போயிட்டா. மனுஷன் ஒண்டி ஆயிட்டாரு. வீட்டுல ஒரு பாத்திரம் உருள்ற சத்தம் கேக்கணும்னாலும் அவரே உருட்டினாத்தான் உண்டு! தானே பொங்கி, தானே தின்னு... அப்படியே ஒரு வருஷம் ஓடிப்போச்சு.

முதல் திவசம் வந்துச்சு. பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சு. மருமக சொன்னா, "மாமா, நான் சமைக்கிறேன்."

"வேணாம்மா. காலம் பூரா அவ எனக்கு ஆக்கிப் போட்டா. இன்னிக்கு ஒருநாள் நான் அவளுக்கு ஆக்கிப் போடுறேன்."

ஆக்கினாரு. படையலுக்குச் செய்யுற சமையலை ருசி பார்க்கக் கூடாது, தெரியுமில்ல? வாயில வைக்காமயே எல்லாம் செஞ்சு, படத்துக்கு முன்னாடி எலை போட்டு, சூடம் காட்டியாச்சு. அப்புறம் பிள்ளைங்களை உக்கார வச்சுப் பரிமாறினாரு. சாம்பாரை ஊத்திட்டு நிக்கிறாரு... அவருக்கே தெரியாம வாயில வருது.

"ஏம்ப்பா... உப்பு சரியா இருக்கா?"

மகன் கையில செல்போன். "ம்."

மக பக்கம் திரும்பினாரு. "உனக்கு எப்படிம்மா இருக்கு?"

"ம்ம்..."

ஒருத்தரும் தலையைத் தூக்கல.

எல்லாரும் எழுந்தாச்சு. கடைசியா தனக்கு ஒரு எலை போட்டுக்கிட்டு அடுப்படியில உக்காந்தாரு. சாம்பாரைப் பிசைஞ்சு ஒரு வாய் வச்சாரு...

சப்புன்னு இருக்கு! உப்பே போடலைய்யா மனுஷன்! படையல் பதட்டத்துல மறந்துட்டாரு. வடை, அப்பளம்னு சேர்த்து அடிச்சதுல ஒருத்தருக்கும் தெரியல. அந்த உப்பில்லாத சாம்பாருக்குத்தான் ரெண்டு பேரும் "ம்" கொட்டியிருக்காங்க!

முதல்ல சிரிப்பு வந்துச்சு அவருக்கு. அப்புறம் எலையை அப்படியே விட்டுட்டாரு. எழுந்து போய் படத்துக்கு முன்னாடி நின்னாரு.

"நாயகி... நீ போட்டதெல்லாம் சரியாத்தான்டி இருந்துச்சு. எல்லாமே நல்லாருந்துச்சு. எல்லா நாளும் நல்லாருந்துச்சு..."

சொல்லிக்கிட்டே நிக்கிறாரு. படம் என்ன பேசவா போவுது?

யோசிச்சுப் பாருங்க. அந்தம்மா கேட்டது உப்பைப் பத்தியா? சமைச்சவளுக்கு உப்பு தெரியாதா? "நான் இங்கதான் நிக்கிறேன்... கொஞ்சம் நிமிர்ந்து பாரேன்"னு கேட்டிருக்கா. வீடு நிறைய ஆள் இருந்தும் அவ தனியாத்தான் இருந்திருக்கா. அந்தத் தனிமை எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரிய, அவ போக வேண்டியிருந்துச்சு.

கோமதியம்மாவைப் பத்தி இன்னிக்கு நல்லாத்தான் பேசினீங்க. ஆனா அதைக் கேக்க அவங்க இல்ல. நீங்க இப்ப வீட்டுக்குப் போவீங்க. ஒருத்தி சோறு போட்டுட்டுப் பக்கத்துல நிப்பா. ஏதோ கேப்பா. தயவுசெஞ்சு தலையைத் தூக்குங்கய்யா. அவ முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, ஒரு பதில் சொல்லுங்க.