பச்சை மை

மாணவர்களின் தாள்களை நான் பச்சை மையில்தான் திருத்துவேன். சிவப்பைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கை நடுங்கும். நடுங்கும் கையோடு ஒருவருக்கு ஊசி போடப் போகக்கூடாது. முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். நான் கொண்டுவந்து, நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்தக் கட்டுரையில் இருப்பதும் என் மைதான். அதை மறுக்க நான் உங்கள் செவிலியர் வாரியத்துக்கு வரவில்லை.

என் பெயர் ஆர்டித் ஹோல்ம். செவிலியர் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தேன். கடைசி வருஷப் பிள்ளைகளை எங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போய், வார்டில் கூடவே நின்று வேலை பழக்குவது என் பொறுப்பு. முதல் நாளே அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுவேன். சர்க்கரை அளவை யார் வாயால் சொன்னாலும் நம்பாதே, மீட்டரை உன் கண்ணால் பார். மீட்டரைப் பார்க்காமல் விட்ட அந்த ஒரு காரணத்துக்காக ரொவீனா என்ற மாணவியை ஒரு பருவம் முழுக்கத் திரும்பப் படிக்க வைத்தேன். வகுப்பறையிலேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். அழுதாள். இன்று அந்த மருத்துவமனையின் செவிலியர் தலைமை அவள்தான்.

கோரின் ஹேஸ் போன வருஷத்து மாணவி. மதிப்பெண் நடுத்தரம். ஆனால் படுத்திருப்பவரின் தலையணையைத் திருப்பிப் போடாமல் அறையை விட்டு வரமாட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்த மருத்துவமனையின் பயிற்சிப் பணி. உங்களுக்குத் தெரியாததா? புதிதாகப் படித்து வருகிறவர்கள் அந்த ஒரு வருஷப் பயிற்சி வழியாகத்தான் வார்டுக்குள் நுழைய முடியும். படிப்பு முடிந்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாண்டினால் புதியவர் என்ற தகுதியே போய்விடும். அனுபவசாலி என்ற தகுதியும் இருக்காது.

போன வருஷம் மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஒரு மாணவி வரவில்லை. அதனால் ஒரே அறையில் இருந்த இரண்டு பேருக்கு விரலில் குத்தி நானே சர்க்கரை பார்த்தேன். ஒருவருக்குத் தொண்ணூற்றெட்டு, மற்றவருக்கு முந்நூற்றுப் பத்து. எப்போதும் கையுறையில் எழுதிக்கொள்வேன். அன்று கழற்றிப் போட்டுவிட்டேன். மீட்டரை அதன் தாங்கியில் வைத்தால்தான் எண்கள் கணினிக்குப் போகும். அது என் சட்டைப்பையில் கிடந்தது.

கோரின் வந்து, குசேராவுக்கு எவ்வளவு என்று கேட்டாள். எமில் குசேரா அந்த இருவரில் ஒருவர், எழுபத்தாறு வயது விவசாயி. நுரையீரல் சளிக்காக வந்தவர், இதயமும் பலவீனம். முந்நூற்றுப் பத்து என்றேன்.

"மீட்டரைக் கொஞ்சம் காட்டுறீங்களா, மிஸஸ் ஹோல்ம்?"

"சாப்பாட்டு வண்டி வந்தாச்சு. நான் சொன்னாப் போதாதா?"

இன்சுலினுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். அவள் ஊசியில் ஏற்றிக் காட்டினாள், நான் கையெழுத்துப் போட்டேன். முந்நூற்றுப் பத்துக்கு அது சரியான அளவு. குசேரா சட்டையைத் தூக்கிக்கொண்டே அவளைச் சீண்டினார். "ஏம்மா, உனக்கு ஊசி போடத் தெரியுமா, இல்ல என் வயித்துலதான் பழகப் போறியா?"

"உங்க வயித்துலதான் இடம் நெறைய இருக்கு," என்றாள் அவள். அவர் சிரித்தார்.

சாப்பாடு பிடிக்கவில்லையென்று தட்டைத் தள்ளிவிட்டு, மனைவி கொண்டுவரப்போகும் கசகசா ரொட்டிக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்த அம்மாள் பத்து மணிக்கு ரொட்டியோடு வந்தபோது அவர் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வேர்த்து நனைந்து, கூப்பிட்டால் கேட்காத நிலையில் கிடந்தார். சனிக்கிழமை இறந்துபோனார்.

செவ்வாய் மதியமே மீட்டரைத் தாங்கியில் வைத்தேன். திரையில் அவர் பெயருக்கு நேரே தொண்ணூற்றெட்டு வந்து நின்றது, ஊசியே தேவைப்படாத அளவு.  பிறகு போய்க் கையைக் கழுவினேன்.

விசாரணையை அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு வைத்தார்கள். பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அதற்கு முந்தின நாள், புதன். விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை கேட்பார்கள். நீங்கள் செய்த ஒரு தவறையும் அதிலிருந்து கற்றதையும் எழுதுங்கள் என்று. வருஷா வருஷம் கேட்பதுதான். பிள்ளைகள் எல்லோரும் பாதகமில்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பார்கள். போர்வை மாற்ற மறந்தேன், பெயரைத் தப்பாகக் கூப்பிட்டேன் என்று.

திங்கட்கிழமை கோரின் கல்லூரி உணவகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சூப் வாங்கியிருந்தாள், குடிக்கவில்லை. குசேராவைப் பற்றி எழுதலாமா என்று கேட்டாள்.

எழுது என்றேன். வேறொன்றை எழுதினால் உனக்கே தூக்கம் வராது என்றேன். அது உண்மையும்கூட.

அங்கேயே இரண்டு பக்கம் எடுத்துக் கொடுத்தாள். ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தாள். நன்றாக இருந்தது. நடுவில் ஒரு வரி: 'என் ஆசிரியை முந்நூற்றுப் பத்து என்றார், மீட்டரை நானே பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல் நம்பினேன்.' நான் பேனாவை எடுத்து அதை வெட்டினேன்.

"அடுத்தவங்க மேல பழி போடுற மாதிரி இருக்கு, பொண்ணே. இப்படி எழுதுறவங்களைத்தான் மொதல்ல ஒதுக்குவாங்க."

"ஆனா நடந்தது அதுதானே, மிஸஸ் ஹோல்ம்?"

"ரெண்டு பேரோட எண்ணையும் உன்கிட்டச் சொன்னேன். நீ மாத்தி எடுத்துக்கிட்ட. ஓடிக்கிட்டே இருந்த காலை, உனக்கு ஞாபகம் இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. தன் ஞாபகத்தைத் தேடுகிற பார்வை அது. "அப்படியா இருந்துச்சு?" என்றாள். நான் தலையசைத்தேன். வெட்டின இடத்துக்கு மேலே நானே எழுதிக் கொடுத்தேன்: 'பக்கத்துப் படுக்கைக்காரரின் அளவை இவருடையதென்று எடுத்துக்கொண்டேன்.' அப்படியே வேறு தாளில் படியெடுத்து அனுப்பினாள்; பச்சை மைத் தாள் என்னிடமே தங்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு என் தட்டையும் சேர்த்து எடுத்துப்போய் வைத்தாள்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், பயந்துபோன ஒரு கிழவி அந்த நேரத்துக்குத் தப்பிக்கப் பார்த்தாள் என்று தோன்றும். நானும் என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் விண்ணப்பங்களைப் படிக்கிறவள் ரொவீனா. வியாழக்கிழமை விசாரணைக்குத் தலைமையும் ரொவீனா. புதன்கிழமை அந்தக் கட்டுரையை அவள் படித்துவிட்டால், வியாழக்கிழமை கோரினிடம் கேட்க ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். சூப் ஆறிக்கொண்டிருந்தபோதே தெரியும்.

அப்படியே ஆயிற்று. கோரினை உள்ளே கூப்பிடவே இல்லை. என்னிடம் மட்டும், இரண்டு எண்களையும் சொன்னீர்களா என்று ரொவீனா மரியாதையாகக் கேட்டாள். சொன்னேன் என்றேன். மீட்டரைப் பார்க்கவேண்டுமென்று நீங்கள்தானே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், அந்தப் பெண் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டாள்.  சிறைக்கோ வேலை போவதற்கோ நான் அஞ்சவில்லை. மீட்டரைக் காட்டாமல் வாயால்தான் சொன்னேன் என்று அவள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

கோரினைப் பயிற்சிப் பணிக்கு எடுக்கவில்லை. மே மாதம் பட்டம் வாங்கினாள், உரிமத் தேர்வும் எழுதித் தேறினாள். வேறு எந்த மருத்துவமனையும் அவளை எடுக்கவில்லை. எல்லா இடத்திலும் அதே கேள்வி, அவள் அதே பதிலை எழுதினாள். இப்போது கோழித்தீவனக் கடையில் மூட்டை எடை போடுகிறாள். குசேராவின் மனைவியை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தேன். "அந்தச் சின்னப் பொண்ணு எப்படி இருக்கா? அடக்கத்துக்கு வந்து பின்னாலேயே நின்னுட்டுப் போயிட்டா, பாவம்," என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் கோரின் அந்தப் பயிற்சிப் பணிக்கே கடைசித் தடவையாக விண்ணப்பம் போட்டாள். சிபாரிசுக் கடிதம் கேட்டு என் வீட்டுக்கு வந்தாள். இந்த முறையாவது போர்வையைப் பற்றி எழுதக்கூடாதா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள்.

"அதை மறைச்சா, நீங்க எனக்குக் கத்துக்குடுத்ததுக்கே அர்த்தமில்லாமப் போயிடும்."

அவளுக்கு நல்ல கடிதம் எழுதிக் கொடுத்தேன். தன் தவறைத் தானே ஏற்கும் துணிவுள்ளவள் என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

எமில் குசேராவைக் கொன்ற எண்ணைச் சொன்னவள் நான். அதை அந்தப் பெண்ணின் கையாலேயே அவள் பெயரில் எழுத வைத்தவளும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் இன்று வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிதான், வேறென்ன. ஆமாம், இந்த முறையும் இடம் கிடைக்காமலே, போன மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு கோரின் விண்ணப்பிக்கக்கூடிய ஒரு வருஷம் முடிந்துவிட்டது. என் உரிமமும் அன்றைக்குத்தான் முடிந்தது, நான் புதுப்பிக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல். முன்னாலேயே வந்திருப்பேன். இந்த அலுவலகம் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

உங்கள் வாசலுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் தேவாலயமா? ஆமாம், அது எங்களுடையதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் தவறவிட்டதில்லை.