இல்லாத வெள்ளத்தைப் பலகையில் எழுதியவன்

மேடைக்கு நிமிர்வு தந்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் என் ஆங்கில வகுப்பையும் பொறுத்துக்கொள்ளும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையிலிருந்து என்னை முறைக்கும் என் துணைவியாரே! வணக்கம்.

‘இனண்டேட்’ என்றொரு ஆங்கில வினைச்சொல். கரை கடந்த வெள்ளம் வயலை மூழ்கடித்தால் இனண்டேட்! கடிதங்கள் குவிந்து அலுவலகம் திணறினால் அதுவும் இனண்டேட்! தாங்க முடியாத அளவுக்கு எது வந்து சேர்ந்தாலும் இனண்டேட்! சென்ற மாதம் சொல்லிக்கொடுத்தேனா, இல்லையா? தலையாட்டுகிறீர்கள், நன்றி. சொல்லிக்கொடுத்தவன் சும்மா இருந்தேனா?

என் மனைவி தையல்கடை திறந்து இருபது நாள். வந்தவை இரண்டு சட்டை, ஒரு தலையணை உறை. "என்னங்க, மாசக் கடைசிவரைக்கும் பார்ப்பேன். அப்புறம் மூடிடுவேன்" என்று கண்கலங்கினார். தாங்குமா என் நெஞ்சு? எடுத்தேன் தூரிகை! எழுதினேன் பலகை! ‘எங்கள் கடை ஆர்டர்களால் இனண்டேட் ஆகியிருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன். கூட்டத்தைப் பார்த்துத்தானே கூட்டம் வரும்?

வந்ததா? வரவில்லை! இதோ, முதல் வரிசையில் இருக்கும் மருந்துக்கடை அம்மையார், என் வகுப்பின் முதல் மாணவி, அதைப் படித்தார். படித்ததோடு விட்டாரா? தெரு முழுக்கப் பொருள் சொன்னார்! "பாவம்ங்க, அந்த அக்காவுக்கு மூச்சு விட நேரமில்லையாம். நாம வேற போய்த் தொந்தரவு பண்ண வேணாம்." அத்தனை துணியும் எதிர்க்கடைக்குப் போயிற்று. ஐயா, இதற்கா கைதட்டுவது?

என்ன தெளிவு! என்ன விளக்கம்! நூற்றுக்கு நூறு போட்டேன். வீட்டிலோ, "உங்க மாணவிய மெச்சிக்கிட்டு வகுப்புலயே படுத்துக்குங்க" என்று தீர்ப்பு வந்தது.

பொய் எழுதியவன் நான். தண்டனை என் துணைவியாருக்கு. வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தையல் பொய் சொல்லாது. அவர் தைத்து நான் போட்டிருக்கும் இந்தச் சட்டையைப் பாருங்கள்! என்னம்மா? "காஜாவைக் காட்டுங்க" என்கிறார் துணைவியார். பட்டன் துளையைத்தானே? காட்டுகிறேன்!

அன்பர்களே, அந்தச் சொல்லின் பொருளை இனி அகராதியில் தேடாதீர்கள். நாளைக் காலையில் கடை வாசலில் காட்டுங்கள்! கிழிந்த பை வரட்டும்! இடுப்பு இறுகிய கால்சட்டை வரட்டும்! பட்டன் போன சட்டையெல்லாம் படையெடுத்து வரட்டும்! பட்டன் தைக்க நான் உட்காருகிறேன். கடை எட்டு மணிக்குத் திறக்கும். கேட்ட செவிகளுக்கும் துணி கொண்டுவரும் கைகளுக்கும் நன்றி, வணக்கம்.

ஐயா, விளக்கை அணைக்காதீர்கள். என் துணைவியார் சிரிக்கிறார். கடை திறந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.