போன்ல இரிக்கிற முகம்

— டொபி நான் தந்த எண்டு யதுஷாக்கிட்டச் சொன்னயா பிரஷாந்தி?

— சொன்னன் அக்கா.

— மறுகா?

— துப்பிட்டாள்.

— வாயில வெச்சதயுமா?

— கோவிக்காதீங்ககா. பிடிவாதம் அப்பிடியே உங்கட.

— சிரிக்காத புள்ள. பெத்த மகள்... என்னக் கண்டா உன்ட பாவாடைக்குப் பின்னால ஒளிக்காள்.

— மூணு வயசுல அவளுக்கு என்ன தெரியும்? பொறந்ததுல இரிந்து கண்டது உங்கட உருண்ட முகம். பூசணிக்கா மாதிரி...

— அப்ப பூசணிக்கா. இப்ப?

— முருங்கக்கா.

— போடி!

— பின்ன? கிட்னிக்கு மேல இரிந்த சின்னக் கட்டி. அத வெட்டி எடுத்தா ஆளே இப்பிடி வத்திப் போகுமெண்டு ஆரு கண்ட?

— டொக்டர் சொன்னவர். அந்தக் கட்டிதானாம் முகத்தையும் வயித்தையும் ஊத வெச்ச. எடுத்தா மெல்ல மெல்ல இறங்கும், கைகால் சோரும், தோல் உரியும்... எல்லாம் சொன்னவர். புள்ளைக்கு என்ட முகம் தெரியாமப் போகும் எண்டு மட்டும் சொல்லல்ல.

— அத்தானுக்கெண்டாச் சந்தோசம். கலியாணத்தண்டு இரிந்த முகம் வந்துட்டாம். மீன் பிடிக்க வாவிக்கும் போகாம உங்களையே சுத்திச் சுத்தி...

— அவருக்கு ரெண்டு முகமும் தெரியும். அவளுக்கு ஒண்டுதானே.

— கொழும்பு ஆசுபத்திரியில கிடந்த மாசமெல்லாம் வீடியோ கோல் எடுத்திருக்கலாம். நீங்கதான் வேணாம், கண்டா அழுவாள் எண்டு...

— ஓம்... என்ட பிழைதான்.

— நான் அப்பிடிச் சொல்லல்ல அக்கா.

— நேத்து உன்ட போன்ல என்ட பழைய படத்தக் கொஞ்சிக்கொண்டு இரிந்தாள். "அம்மா எப்ப வருவ" எண்டு கேக்காள். நான் பின்னால நிக்கன்... படத்துல இரிக்கிற அந்த மூஞ்சியக் கண்டா எனக்கு எரிச்சல் வருது புள்ள.

— அக்கா... ஒண்டு சொல்றன். ஏசப்படா.

— சொல்லு.

— நீங்க வந்த அண்டைக்கு அழுது விறைச்சிட்டாள். அதால... இது அம்மா இல்ல, அம்மா இன்னும் கொழும்புல எண்டு சொல்லிட்டன்.

— அப்ப நான் ஆராம்?

— அம்மாட கூட்டாளி...

— சரி.

— அழாதீங்ககா. முகம் வேற வீங்கி... நில்லுங்க. இஞ்சால திரும்புங்க.

— ஒண்டுமில்ல. அழுததால.

— இது அழுத வீக்கமில்ல, கன்னம் ஊதிரிக்கு. குளிசை அட்டை எங்க? ...என்ன அக்கா இது, எல்லாம் வெறுமையாக் கிடக்கு! கட்டிய வெட்டின பொறகு மாசம் முழுக்கப் போடத் தந்த மாத்திரை! குறைச்சுக்கொண்டு வரச் சொன்னவங்க. கூடப் போட்டாத் திரும்ப ஊதும், மறுகா உசிருக்கே மோசம் எண்டு கிளினிக்ல எவ்வளவு சொன்னவங்க?

— அவளுக்கு அம்மா கொழும்பால வரோணும் புள்ள. கன்னம் உருளுமட்டும் விடு... ஒருக்கா என்ட மடியில வந்து இரிந்திட்டாள் எண்டா, மறுகா நீ சொல்ற மாதிரிக் குறைக்கன்.